ஒன்றுபோல் தோன்றும் ஆங்கிலச் சொற்கள்: குழப்பம் எங்கே பிறக்கிறது, எப்படிப் பிரிப்பது

கேள்வி இதுதான்: அஃபெக்ட், எஃபெக்ட்; பிரின்சிபல், பிரின்சிபிள்; ஸ்டேஷனரி என்று ஒரே ஒலியில் இரண்டு விதமாக எழுதும் சொற்கள். இப்படிப்பட்ட ஜோடிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தாலும், எழுத உட்காரும்போது எது எதுவென்று மறுபடியும் குழம்புகிறது. என்ன செய்யலாம்?

குழப்பத்தைப் பாதி உண்டாக்குவதே அந்தப் பட்டியல்தான். இரண்டு சொற்களையும் ஒரே நாளில், ஒரே வரியில், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அவை மனத்தில் பிணைந்தே பதியும். பிறகு ஒன்றை நினைத்தால் மற்றதும் கூடவே எழுந்து வரும். இரண்டு பொருளும் ஞாபகம் இருக்கும், இரண்டு எழுத்துக்கூட்டும் ஞாபகம் இருக்கும், எது எதற்கு என்பது மட்டும் இருக்காது. மொழி கற்றல் ஆய்வில் இது நன்றாகத் தெரிந்த சிக்கல். மொழியியல் ஆய்வாளர் பாட்யா லாஃபர் 1980களில் இந்த மாதிரிச் சொற்களுக்கு ‘சின்ஃபார்ம்’ என்று பெயர் வைத்து, அவை எந்தெந்த வகையில் ஒத்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டினார். சொற்களஞ்சியம் கற்பித்தல் பற்றி நிறைய எழுதியிருக்கும் பால் நேஷன், நெருங்கிய சொற்களை ஒரே நேரத்தில் சேர்த்துக் கற்பிக்க வேண்டாம் என்கிறார்.

ஆகவே முதல் வேலை, ஜோடியைப் பிரிப்பது. இரண்டில் எது உங்களுக்கு அடிக்கடி தேவையோ அதை மட்டும் முதலில் எடுங்கள். அது கை தயங்காமல் எழுதும் அளவுக்குப் பழகிய பிறகு, குறைந்தது ஒரு வாரமாவது கழித்து, மற்றதைத் தொடுங்கள். ஒன்று உறுதியாக நின்றுவிட்டால் மற்றது ‘அது அல்லாதது’ என்று தானாகவே தனக்குரிய இடத்தில் போய் நின்றுகொள்ளும்.

அடுத்தது, ஒவ்வொரு ஜோடியும் எதனால் குழப்புகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாக் குழப்பமும் ஒரே வகை அல்ல. சில காதில் பிறக்கின்றன, சில இலக்கணத்தில், சில கண்ணில். காது செய்த பிழைக்குக் கண்ணுக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

தமிழ் எழுத்து மறைத்துவிடும் ஒலிகள்

தமிழ் வழியாக ஆங்கிலம் படிப்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகளில் இது இருக்காது. நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ‘பேக்’ என்று எழுதிப் பாருங்கள். மூட்டை கட்டுவதும் அதுதான், முதுகும் அதுதான், தோளில் மாட்டும் பையும் அதுதான், ரொட்டி சுடுவதும் அதுதான். ஆங்கிலத்தில் நான்கு வெவ்வேறு ஒலி, நான்கு வெவ்வேறு எழுத்துக்கூட்டு. தமிழ் எழுத்தில் ஒரே சொல். நோட்டைப் புரட்டும் ஒவ்வொரு முறையும் அந்த நான்கையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். உச்சரிப்புக்கு அகராதிச் செயலியில் உள்ள ஒலிப்பொத்தானை அழுத்திக் கேளுங்கள். தமிழில் பொருளை எழுதுங்கள், ஒலியை எழுதாதீர்கள். (இந்தப் பதிலில் வேறு வழியின்றி நான் ஒலியைத் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டை எழுத்தின் பெயரால் குறிப்பிடுகிறேன்.)

இப்படி மறைந்துபோகும் ஒலிகளில் அதிகச் சேதம் செய்வது எஸ், இஸட் வேறுபாடு. தொலைப்பது, தோற்பது என்ற பொருளில் வரும் வினைச்சொல்லுக்கு ஒற்றை ஓ. தளர்வான, தொளதொள என்ற பொருளில் வரும் பெயரடைக்கு இரட்டை ஓ. தமிழில் இரண்டுமே ‘லூஸ்’. ஆங்கிலத்தில் இரண்டின் உயிரொலியும் ஒன்றுதான், ஆனால் முடிவு வேறு: ஒற்றை ஓ உள்ளது இஸட் ஒலியில் முடியும், இரட்டை ஓ உள்ளது எஸ் ஒலியில் முடியும். ஸ்ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டே தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள், அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் தேனீ ரீங்கரிப்பதுபோல் குரலைச் சேர்த்தால் விரலில் அதிர்வு தெரியும், அதுதான் இஸட். இந்த வேறுபாடு வாயில் வந்துவிட்டால் விலையைக் குறிக்கும் ப்ரைஸ், பரிசைக் குறிக்கும் ப்ரைஸ் ஆகிய இரண்டும் அப்போதே பிரிந்துவிடும். விலைக்கு சி, பரிசுக்கு இஸட்.

லூஸ் ஜோடியில் இன்னொரு இடறலும் இருக்கிறது. தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும் ‘சூஸ்’ இரட்டை ஓ போட்டு எழுதப்படுகிறது, இஸட் ஒலியிலும் முடிகிறது. கை அதைப் பார்த்து, அதே ஒலி கொண்ட ‘தொலைப்பது’க்கும் இரட்டை ஓ போட்டுவிடுகிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கே தவறுகிறார்கள். மருந்து, குடும்பத்தைப் பார்ப்பது: நஷ்டத்துக்கு லாஸ், இறந்தகாலத்துக்கு லாஸ்ட், நிகழ்காலத்துக்கு லூஸ். தொலைந்துபோகிற குடும்பம் முழுவதற்கும் ஒரே ஓ.

டீ-எச் சேர்ந்து வரும் ஒலி தமிழருக்கு உண்மையில் எளிது, ஆனால் அது எளிது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மூச்சு என்ற பெயர்ச்சொல் ‘ப்ரெத்’, மூச்சுவிடு என்ற வினை கடைசியில் ஒரு இ சேர்ந்து ‘ப்ரீத்’. வினையில் அந்த ஒலி ‘அது’ என்ற சொல்லில் நடுவில் வரும் மென்மையான து போல அதிரும், பெயர்ச்சொல்லில் அதிராது. குளியலுக்கும் குளிப்பாட்டுவதற்கும், துணிக்கும் உடுத்துவதற்கும் இதே கணக்குதான்: கடைசி இ சேர்ந்தால் வினை, ஒலியும் அதிரும், முன்னால் உள்ள உயிரும் மாறும்.

வி, டபிள்யு இரண்டும் தமிழில் ‘வ’. மேல்பற்கள் கீழுதட்டைத் தொட்டால் வி. பல் தொடாமல் உதட்டைக் குவித்தால் டபிள்யு. உள்சட்டைக்கும் மேற்குத் திசைக்கும், படர்கொடிக்கும் திராட்சை மதுவுக்கும் வேறுபாடு இவ்வளவுதான்.

காது உதவாத இடத்தில் மனத்துக்குள் வேறு உச்சரிப்பு

சில ஜோடிகளில் ஆங்கிலேயருக்கும் காது உதவாது. அழுத்தம் விழாத அசையில் ஆங்கிலம் உயிரெழுத்தை மங்கவிட்டுவிடும். ஏ, இ, ஐ எல்லாமே ஏறக்குறைய ஒரே மங்கலான ஒலியாகக் கேட்கும். ஸ்டேஷனரி, காம்ப்ளிமென்ட், பிரின்சிபல் போன்றவை குழப்புவது இதனால்தான். இங்கே தமிழருக்கு ஒரு வசதி உண்டு. எழுதியதை எழுதியபடி முழு உயிரோடு வாசிப்பது நம் பழக்கம். பேசும்போது அதைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் மனப்பாடத்துக்கு அது அருமையான கருவி. வாயில் சரியான உச்சரிப்பு, மனத்துக்குள் எழுத்துப்படி உச்சரிப்பு என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நிறைவு செய்வதைக் குறிக்கும் சொல்லை மனத்துக்குள் ‘காம்ப்ளெமென்ட்’ என்று நன்றாக ‘ளெ’ வைத்துச் சொல்லுங்கள், அதோடு ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் முதல் ஆறு எழுத்து ஒன்றுதான். வடிவியலில் இரண்டு கோணங்கள் சேர்ந்து 90 பாகையை நிறைவு செய்தால் அவை இந்த இ போட்ட வகை. பாராட்டுக்கு ஐ. இலவசமாகத் தரும் பிரதி, இலவச நுழைவுச்சீட்டு இவையும் ஐ போட்ட வகைதான், ஏனென்றால் அவை மரியாதைக்காகத் தரப்படுபவை. விடுதி விளம்பரங்களில் இலவசக் காலை உணவுக்கு இ போட்டு எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தவறு.

பிரின்சிபல் ஜோடிக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. கல்லூரித் தலைவரை நாம் ‘பிரின்சிபால்’ என்கிறோம். அந்த ‘பால்’ அப்படியே எழுத்துக்கூட்டு: பி-ஏ-எல். இந்தச் சொல் அடிப்படையில் ‘முதன்மையான’ என்ற பெயரடை. முதன்மை ஆசிரியர், கடனில் முதன்மையான தொகை அதாவது அசல், முதன்மையான காரணம் எல்லாம் இதில் அடங்கும். கொள்கை, கோட்பாடு, அறிவியல் விதி என்றால் எல்-இ முடிவு. இதில் நம்பிச் செய்யக்கூடிய சோதனை ஒன்று: கொள்கையைக் குறிக்கும் சொல் பெயர்ச்சொல்லாக மட்டுமே வரும், இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடையாக நிற்காது. ‘மெயின்’ என்று மாற்றிப் போட்டால் வாக்கியம் சரியாக வருகிறதா? வந்தால் ‘பால்’தான்.

ஸ்டேஷனரி ஜோடியில் வரலாறே உதவும். இடைக்காலத்தில் ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்கள் ஒரு பக்கம், ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்ட புத்தக வியாபாரிகள் இன்னொரு பக்கம். இரண்டாமவருக்கு ‘ஸ்டேஷனர்’ என்று பெயர். அவர் கடையில் கிடைப்பது ஸ்டேஷனர் என்ற சொல்லோடு ஒய் சேர்ந்தது, ஆகவே இ-ஆர்-ஒய். அசையாமல் நிற்பது என்ற பெயரடைக்கு ஏ-ஆர்-ஒய். வரலாறு வேண்டாம் என்றால் ‘பேப்பர்’ என்ற சொல்லின் முடிவை நினைத்தால் போதும், அங்கேயும் இ-ஆர்தான்.

பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா

தமிழில் ஆங்கிலச் சொல்லை நாம் பெரும்பாலும் ‘பண்ணு’, ‘ஆகு’ சேர்த்துத்தான் பயன்படுத்துகிறோம். அட்வைஸ் பண்ணு, பிராக்டிஸ் பண்ணு, லைசென்ஸ் எடு. அதாவது வினையின் வேலையைத் தமிழ் செய்துவிடுகிறது. ஆங்கிலச் சொல் பெயராகவே நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் எழுத்து மாறும் இடங்களில் நாம் சறுக்குவது இதனால்தான்.

விதி சுருக்கமானது: பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். அறிவுரையும் கருவியும் சி. அறிவுரை சொல்வதும் ஒன்றைத் திட்டமிட்டு உருவாக்குவதும் எஸ். இந்த இரண்டு ஜோடியிலும் ஒலியும் மாறும், வினை இஸட் ஒலியில் முடியும். பிராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் ஒலி மாறாது, எழுத்து மட்டும் மாறும். அதனால் ‘அட்வைஸ்’ ஜோடியை நங்கூரமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுங்கள்: இந்த இடத்தில் அறிவுரை என்ற பெயர் வருமா, அறிவுரை கூறு என்ற வினை வருமா? வாகன ஓட்டுநர் உரிமம் பெயர், ஆகவே சி. உரிமம் பெற்றவர் என்று சொல்லும் பெயரடை வினையிலிருந்து பிறந்தது, ஆகவே எஸ். தொழில் செய்துவரும் மருத்துவர் என்பதிலும் எஸ்.

இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்க வழக்கில் பிராக்டிஸ் எங்கும் சி, லைசென்ஸ் எங்கும் எஸ். இரண்டில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதுதான் தவறு. அட்வைஸ், டிவைஸ் ஜோடிகளில் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் ஒன்றுதான்.

அஃபெக்ட், எஃபெக்ட் ஜோடியை அதிகம் பேர் கேட்கிறார்கள், விடையும் அவர்கள் வாயிலேயே இருக்கிறது. ‘மழையால் ஆட்டம் அஃபெக்ட் ஆச்சு’ என்போம். ‘மாத்திரைக்கு சைடு எஃபெக்ட் இருக்கு’ என்போம். தலைகீழாகச் சொல்ல மாட்டோம். பாதிப்பது என்ற வினை ஏ, விளைவு என்ற பெயர் இ. எழுதும்போது முன்னால் ‘தி’ அல்லது ‘அன்’ (ஏ-என்) போட முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் இ. அலுவலக ஆணைகளில் ‘இந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது’ என்னும் தொடரிலும் (‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’) எப்போதும் இ.

விதிவிலக்கு இரண்டு உண்டு, அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் சரியாக எழுதியதைத் தவறென்று திருத்திவிடுவீர்கள். இ போட்டது வினையாகவும் வரும், அப்போது பொருள் ‘நிகழச் செய்வது’. ஒரு மாற்றத்தை ஏ போட்டு எழுதினால் ஏற்கெனவே நடக்கும் மாற்றத்தைப் பாதித்தீர்கள். இ போட்டு எழுதினால் மாற்றத்தையே நீங்கள் கொண்டுவந்தீர்கள். ஒரே எழுத்தில் பொருள் இவ்வளவு தூரம் போகிறது. மறுபுறம், உளவியலில் முகத்திலும் குரலிலும் வெளிப்படும் உணர்ச்சியைக் குறிக்க ஏ போட்டது பெயர்ச்சொல்லாக வரும். அதில் அழுத்தம் முதல் அசையில் விழும். மருத்துவ, உளவியல் எழுத்துக்கு வெளியே அது அநேகமாகத் தேவைப்படாது.

எழுத்து சற்றும் மாறாமல் அழுத்தம் மட்டும் மாறுவதும் உண்டு. ரெக்கார்ட், பெர்மிட், ஆப்ஜெக்ட், கான்ட்ராக்ட் இவற்றில் முதல் அசையை அழுத்தினால் பெயர், இரண்டாவதை அழுத்தினால் வினை. டெஸர்ட்டில் இது எழுத்தோடு கலந்து வருகிறது. பாலைவனம்: ஒரு எஸ், முதல் அசையில் அழுத்தம். கைவிட்டுப் போவது: ஒரு எஸ், இரண்டாம் அசையில் அழுத்தம். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு: இரண்டு எஸ், இதிலும் இரண்டாம் அசையில் அழுத்தம். பின்னிரண்டும் ஒலியில் ஒன்றேதான். ‘தகுந்த பலன் கிடைத்தது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் டெஸர்ட்ஸ்’ என்று ஒரு தொடர் உண்டு, அதில் இனிப்பு என்று நினைத்து இரண்டு எஸ் போடுகிறார்கள். அது தகுதி பெறுவதைக் குறிக்கும் ‘டிஸர்வ்’ குடும்பம், ஒரு எஸ்தான்.

முன்னொட்டைப் பிரித்துப் பார்ப்பது

லத்தீனிலிருந்து வந்த சொற்களில் முதல் எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. இ அல்லது இ-எக்ஸ் என்றால் வெளியே. ஐ-என், ஐ-எம் என்றால் உள்ளே, அல்லது ‘அல்ல’. ஏ-வில் தொடங்கி அடுத்த மெய் இரட்டித்தால் பெரும்பாலும் ‘நோக்கி’. இவற்றை வைத்தே பல ஜோடிகள் தீரும். நாட்டை விட்டு வெளியேறுபவர் ‘எமிக்ரன்ட்’, இ; உள்ளே வந்து குடியேறுபவர் ‘இமிக்ரன்ட்’, ஐ-எம். ஒருவரிடமிருந்து பதிலை வெளியே வரவழைப்பது ‘எலிசிட்’, சட்டத்துக்கு உட்படாதது ‘இல்லிசிட்’. கூட்டத்திலிருந்து வெளியே துருத்தித் தெரியும் புகழ்பெற்றவர் ‘எமினென்ட்’, தலைக்கு மேல் வந்து நிற்கும் ஆபத்து ‘இம்மினென்ட்’. ஏற்றுக்கொள்வது ‘ஆக்ஸெப்ட்’, தவிர்த்து வெளியே வைப்பது ‘எக்ஸெப்ட்’.

மருத்துவம் தொடர்பாக எழுதுபவர்கள் ப்ரி, ப்ரோ இரண்டிலும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ‘ப்ரிஸ்க்ரைப்’ மருந்து எழுதிக் கொடுப்பது, ‘ப்ரோஸ்க்ரைப்’ தடை செய்வது. கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். ‘ஹைப்பர்’ அதிகம், ‘ஹைப்போ’ குறைவு. இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதும்போது இந்த முன்னொட்டின் கடைசி எழுத்துகள் மாறினால் அர்த்தம் தலைகீழ்.

முன்செல்வது (‘ப்ரிஸீட்’), தொடர்ந்து செல்வது (‘ப்ரொஸீட்’) இரண்டிலும் வரும் ‘ஸீட்’ ஒலியை எப்படி எழுதுவது என்று குழம்புபவர்களுக்கு ஒரு நிம்மதி. இரட்டை இ போட்டு எழுதுபவை மூன்றே சொல்: மிஞ்சுவது (‘எக்ஸீட்’), தொடர்வது (‘ப்ரொஸீட்’), வெற்றி பெறுவது (‘சக்ஸீட்’). எஸ் போட்டு எழுதுவது ஒன்றே ஒன்று: ‘சூப்பர்ஸீட்’. மற்ற எல்லாவற்றிலும் சி, பிறகு ஒற்றை இ, கடைசியிலும் ஒரு இ. ஆனால் செயல்முறையைக் குறிக்கும் ‘ப்ரொஸீஜர்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு வரும்போது இரட்டை இ ஒற்றையாகிவிடும். இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள்.

மெய் இரட்டித்தால் உயிர் குறுகும்

இந்த ஒரு விதி பல டஜன் ஜோடிகளைத் தீர்க்கும். உயிரெழுத்துக்கும் அடுத்த உயிரெழுத்துக்கும் நடுவே ஒரே ஒரு மெய் இருந்தால், முதல் உயிர் தன் பெயரையே ஒலியாகச் சொல்லும்: ஏ, ஐ, ஓ என்று. மெய் இரட்டித்தால் குறுகிப்போகும். நம்பிக்கொண்டிருப்பது ‘ஹோப்பிங்’, ஒற்றை பி. ஒற்றைக் காலில் துள்ளுவது ‘ஹாப்பிங்’, இரட்டை பி. பிற்பாடு ‘லேட்டர்’, ஒரு மெய். இரண்டில் பின்னது ‘லாட்டர்’, இரு மெய். சாப்பிடுபவர் அல்லது சிறு உணவகம் ‘டைனர்’, இரவுச் சாப்பாடு ‘டின்னர்’. எழுதுவதற்கு ‘ரைட்டிங்’கில் ஒன்று, ‘ரிட்டன்’ என்னும் வடிவத்தில் இரண்டு. தமிழில் எழுதும்போது இரண்டிலும் ‘ட்ட’ வந்துவிடும், அதை நம்பி ஆங்கிலத்திலும் இரட்டிக்கக் கூடாது. விதிக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் இங்கே சொன்ன ஜோடிகளில் அது பிழைபோகாது.

இப்படி எழுத்தும் ஒலியும் பொருந்தாமல் போனதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் முதல் அச்சாளர் வில்லியம் காக்ஸ்டன் 1476ல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த காலத்தில் ஆங்கில நெட்டுயிர்கள் மாறிக்கொண்டிருந்தன. அச்சு எழுத்துக்கூட்டை இறுக்கியது, ஒலி அதன்பிறகும் ஓடியது. இறைச்சிக்கு இ-ஏ, சந்திப்புக்கு இரட்டை இ போடுகிறோமே, அந்தக் காலத்தில் அவை இரண்டு வேறு ஒலிகள். கடல், பார்ப்பது ஜோடியும் அப்படித்தான். எழுத்து பழைய ஒலியைக் காட்டுகிறது, வாய் புதிய ஒலியைச் சொல்கிறது.

ஒரே வேர், வேறு வால்

இந்த வகையில் எழுத்துப்பிழை வராது, பொருள்பிழை வரும். எழுத்துப்பிழை திருத்தி இதை அடிக்கோடிட்டுக் காட்டாது. ஏபிள் அல்லது இபிள் என்று முடிந்தால் பெரும்பாலும் அந்தச் செயலுக்கு உள்ளாகத் தக்கது. ஃபுல், அஸ் என்று முடிந்தால் அந்தக் குணம் உடையது. மதிக்கத்தக்கவர் ‘ரெஸ்பெக்டபிள்’, பிறரை மதிப்பவர் ‘ரெஸ்பெக்ட்ஃபுல்’. ‘ரெஸ்பெக்டிவ்’ என்றால் மதிப்பே இல்லை, அவரவருக்குரியது. நம்பத்தக்கது ‘க்ரெடிபிள்’, எதையும் நம்பிவிடுபவர் ‘க்ரெடுலஸ்’. இகழத்தக்கது ‘கன்டெம்ப்டிபிள்’, இகழ்ச்சியோடு பார்ப்பது ‘கன்டெம்ப்சுவஸ்’. இதில் ‘சென்ஸிபிள்’ ஏமாற்றும்: இன்றைய வழக்கில் அது விவேகமானவரைக் குறிக்கும், எளிதில் உணர்ச்சிவசப்படுபவர் ‘சென்ஸிடிவ்’.

பொருளாதாரம் தொடர்பானது ‘எகனாமிக்’, சிக்கனமானது ‘எகனாமிக்கல்’. வரலாற்றில் இடம்பெறும் அளவுக்கு முக்கியமானது ‘ஹிஸ்டாரிக்’, வெறுமனே கடந்தகாலம் தொடர்பானது ‘ஹிஸ்டாரிக்கல்’. தொழில்துறை சார்ந்தது ‘இன்டஸ்ட்ரியல்’, கடுமையாக உழைப்பவர் ‘இன்டஸ்ட்ரியஸ்’. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்றால் தன்னலம் கலக்காத நடுநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வமில்லை என்று சொல்ல ‘அன்இன்ட்ரஸ்டட்’ போதும். அடக்கமாகப் பிறர் அறியாமல் நடந்துகொள்வதற்கும் தனித்தனியாகப் பிரிந்திருப்பதற்கும் ஒலி ஒன்றே, ‘டிஸ்க்ரீட்’. தனித்தனியானதில் இரண்டு இ-யும் நடுவில் ஒரு மெய் நின்று தனித்தனியாகப் பிரிந்திருக்கும். அடக்கமானதில் இரண்டும் சேர்ந்திருக்கும்.

கண் செய்யும் பிழைகள்

‘காஸல்’ காரணம் தொடர்பானது, ‘கேஷுவல்’ சாதாரணமானது. எஸ், யு இரண்டும் இடம் மாறினால் ஆய்வுக்கட்டுரையில் காரணத் தொடர்பு போய்ச் சாதாரணத் தொடர்பாகிவிடும். திருமணம் சார்ந்ததும் (‘மேரிட்டல்’) போர் சார்ந்ததும் (‘மார்ஷியல்’) இப்படியே. ஒன்றுபட்டதும் (‘யுனைட்டட்’) அவிழ்ந்ததும் (‘அன்டைட்’) இப்படியே. தேவதையும் கோணமும், நாட்குறிப்பும் பால் பண்ணையும், ‘ஃப்ரம்’மும் ‘ஃபார்ம்’மும் அப்படித்தான். இங்கே பொருள் யாருக்கும் குழம்புவதில்லை, விரல் முந்திவிடுகிறது. பழகிய கண் சொல்லின் மொத்த உருவத்தைப் பார்த்துக் கடந்துபோகிறது. இலக்கண விளக்கம் இதற்கு உதவாது, தேடுவதுதான் உதவும்.

மருந்துப் பெயர்களில் இந்தப் பிழை உயிரோடு விளையாடும். அரிப்புக்கும் பதற்றத்துக்கும் தரும் ஹைட்ராக்ஸிஸின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ராலஸின் இரண்டும் தொடக்கமும் முடிவும் ஒன்றுபோலுள்ள பெயர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001ல் தொடங்கிய திட்டத்தில் இத்தகைய பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடச் சொன்னது. ‘டால் மேன் லெட்டரிங்’ என்பார்கள். உங்கள் நோட்டிலும் அதையே செய்யலாம்: சொல்லின் மற்ற எழுத்துகளைச் சிறியதாகவும், மாறும் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தில் வேறு மையிலும் எழுதுங்கள். கண் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

மேற்குறி, அதாவது அபாஸ்ட்ரஃபி, போடும் இடங்களுக்கு ஒரே சோதனை. மேற்குறி விடுபட்ட எழுத்தைக் காட்டுகிறது, ஆகவே விரித்துப் படியுங்கள். ‘இட் ஈஸ்’ அல்லது ‘இட் ஹாஸ்’ என்று விரித்தால் பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் மேற்குறி கிடையாது. உடைமை காட்டும் ஹிஸ், ஹர்ஸ், அவர்ஸ் எதிலும் மேற்குறி இல்லை, இட்ஸிலும் இல்லை. யுவர், ஹூஸ் ஜோடிகளுக்கும் இதே சோதனை. ‘தேர்’ மூன்றில் இடத்தைக் குறிப்பதற்குள் ‘ஹியர்’ இருக்கும், உடைமையைக் குறிப்பதற்குள் வாரிசைக் குறிக்கும் ‘ஏர்’ இருக்கும்.

படிக்கும் முறை

வாரத்துக்கு மூன்று சொல் போதும், மூன்று ஜோடி அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. முன்பக்கம் அந்தச் சொல் வரும் ஒரு தொடர், சொல் இருக்கும் இடத்தில் கோடு. பின்பக்கம் சொல், மாறும் எழுத்து பெரியதாக, தமிழில் பொருள், அதே குடும்பத்தில் இரண்டு சொல். தனிச்சொல்லாக எழுத வேண்டாம். தொடராக இருந்தால்தான் எழுதும்போது தொடராகவே கைக்கு வரும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் கோட்டை நிரப்பிப் பாருங்கள். பார்த்துப் படிப்பதைவிட மறைத்து எழுதிப் பார்ப்பதற்கே பலன் அதிகம். ஜோடியின் இரண்டாவது சொல்லும் பழகிய பிறகுதான் இரண்டையும் கலந்து பத்து வாக்கியங்களில் சோதிக்க வேண்டும். அதில் எட்டுக்குக் கீழே போனால் இரண்டாவதை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

எழுதி முடித்த கட்டுரையைத் திருத்தும்போது முழுவதையும் வாசித்துப் பிழை தேடாதீர்கள். உங்களுக்கு வழக்கமாகத் தவறும் பத்துச் சொற்களை ஒரு தாளில் வைத்துக்கொண்டு, கணினியின் தேடல் வசதியில் ஒவ்வொன்றாகப் போட்டு, வந்த இடங்களை மட்டும் பாருங்கள். எழுத்துப்பிழை திருத்தி இவற்றைப் பெரும்பாலும் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள்தான். இலக்கணம் பார்க்கும் புதிய கருவிகள் மேற்குறிப் பிழைகளைப் பெரும்பாலும் காட்டிவிடும். பாராட்டா நிறைவா, அசலா கொள்கையா என்பதில் அவற்றை நம்பிவிட முடியாது. தொடங்கும் முன் ஆவணத்தின் மொழி அமைப்பையும் பார்த்துவிடுங்கள். அது அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், எஸ் போட்டுச் சரியாக எழுதிய ‘பிராக்டிஸ்’ வினைக்கு அடியில் சிவப்புக் கோடு விழும், நீங்களும் அதை சி-யாக மாற்றிவிடுவீர்கள்.